லிங்க்கோடு ஒரு வரி: விநோதமான இண்டி வீடியோக்களைப் பகிரப் புதிதாக வருபவர்களுக்கு

நள்ளிரவு. தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு வீடியோ வந்து நிற்கிறது. பேர் கேள்விப்படாத பேண்ட். நாலு பேர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஏதோ கோணங்கித்தனம் செய்கிறார்கள். பாட்டோ மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடனே பத்துப் பேருக்கு லிங்க்கை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு கட்டைவிரல், ஒரு சிரிப்பு முகம். மீதி ஏழு பேர் திறக்கவே இல்லை.

பல வருடம் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நண்பர்களுக்கு ரசனை போதாது என்று மனதுக்குள் ஒரு குமைச்சல் வேறு. தப்பு என் பக்கம்தான் என்று உறைக்க ரொம்ப நாளானது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்கு அறிமுகம் தேவையில்லை. அது சொந்தக்காரர் மாதிரி நேராக உள்ளே வந்துவிடும். பேர் தெரியாத பேண்டின் விநோதமான வீடியோ, வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள். கூட ஒருத்தர் வந்து "நமக்குத் தெரிஞ்சவர்தான், உள்ள விடு" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

தொடங்கும் முன்: இண்டி என்ற சொல்

இண்டி என்பது முதலில் இசை வகையின் பெயராக இல்லை. பெரிய இசை நிறுவனங்களின் பணமும் பிடியும் இல்லாமல் வெளிவருவது என்றுதான் அர்த்தம். 1977 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற பேண்ட், கடன் வாங்கிய காசில் நாலு பாட்டைப் பதிவு செய்து, தாங்களே தொடங்கிய லேபிளில், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனத்தில், வெளியிட்டது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக்கில் (பதிவு முயற்சியில்) சரியாக வந்தது என்பதைக்கூட உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். நீங்களும் செய்யலாம், இதில் ரகசியம் ஒன்றுமில்லை என்று காட்டுவது போல. பிறகு அந்த வட்டத்தில் அதிகம் புழங்கிய கிட்டார் சத்தத்துக்கே இண்டி என்று பேர் ஒட்டிக்கொண்டது. இன்று இரண்டு அர்த்தத்திலும் சொல்கிறார்கள்.

இதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்காதீர்கள். விநோத வீடியோ என்றதும் எல்லோரும் கைகாட்டும் ஓகே கோ பேண்ட், எட்டு டிரெட்மில் மேல் ஆடிய 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' வீடியோவை 2006-இல் வெளியிட்டபோது ஈஎம்ஐ என்ற பெரிய நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. வீடியோவை மட்டும் பாடகர் டேமியன் குலாஷின் அக்காள் திரிஷ் சீயோடு சேர்ந்து தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஒரே டேக், அசையாத கேமரா. அடுத்த வருடம் அதற்கு கிராமி விருது கிடைத்தது.

நாம் ஷேர் செய்வதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு இதே வீடியோவின் பிற்கதையைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் தங்கள் பக்கங்களில் இதைப் பதித்துக்கொள்ளும் வசதியை ஈஎம்ஐ பிறகு அடைத்துவிட்டது. யூடியூபுக்கே வந்து பார்த்தால்தான் நிறுவனத்துக்குக் காசு என்பது கணக்கு. விளைவு, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தது ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. தொண்ணூறு சதவீதம் காலி. குலாஷே 2010 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் இந்தக் கணக்கை எழுதினார். அடுத்த மாதமே பேண்ட் ஈஎம்ஐயை விட்டு வெளியே வந்து சொந்த லேபிள் தொடங்கியது. பத்தில் ஒன்பது பங்கு, பேர் தெரியாத யார் யாரோ தங்கள் இடத்தில் ஒட்டிவைத்ததால் வந்த கூட்டம்.

1. மூன்று தடவை பாருங்கள்

முதல் தடவை சும்மா பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விநோத வீடியோவின் வித்தை இப்போதுதான் பிடிபடும். எங்கே வெட்டியிருக்கிறார்கள்? வெட்டே இல்லையா? பின்னால் ஓரத்தில் நிற்பவர் என்ன செய்கிறார்? ஓகே கோவின் 2016 வீடியோ ஒன்றில் விமானத்துக்குள் எடையில்லாமல் மிதப்பார்கள். முதலில் பார்க்கும்போது மூன்று நிமிடமும் ஒரே மூச்சில் மிதந்த மாதிரி இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட விமானம் வில் மாதிரி வளைந்து ஏறி இறங்கும்போது ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 27 வினாடிதான். அப்புறம் விமானம் மேலேறித் தயாராகும் வரை எல்லோரும் இருந்த இடத்திலேயே அசையாமல் காத்திருந்து, அந்த இடைவெளிகளை எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். இது தெரிந்தபின் மறுபடி பாருங்கள்: அவ்வப்போது எல்லோரும் சமர்த்தாக உட்கார்ந்திருப்பது ஏன் என்று புரியும்.

மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, முடிந்தால் ஹெட்ஃபோனில், பாட்டை மட்டும் கேளுங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது. வீடியோ இல்லாமல் பாட்டு நிற்கிறதா என்று இப்போதுதான் தெரியும். நிற்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவலே. "பாட்டு சுமார்தான், ஆனா அந்த அட்டைப்பெட்டி நகரத்துக்காகப் பார்" என்று உண்மையைச் சொல்லி அனுப்பலாம். பாட்டையும் சேர்த்துத் தூக்கிவைத்துப் பேசினால் அடுத்த தடவை உங்கள் பேச்சு எடுபடாது.

2. யார் செய்தது?

பேண்டின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக்குறிப்பை விரித்தால் இயக்குநர், ஒளிப்பதிவாளர், அனிமேஷன் செய்தவர், நடனம் அமைத்தவர் என்று பட்டியல் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் வீடியோவின் முதல் ஐந்து வினாடியிலோ கடைசிப் பத்து வினாடியிலோ இருக்கும். சின்ன பேண்டுகளில் கேமரா பிடித்தவர் டிரம்மரின் தம்பியாக இருப்பார். பாவம், அவருக்குக் கிடைக்கிற சம்பளமே அந்தப் பேர் மட்டும்தான்.

இதில் மரியாதைக்கு மேல் ஒரு லாபமும் உண்டு. இயக்குநரின் பெயரைத் தேடிப்போனால் அடுத்த பத்து வீடியோ கிடைக்கும். மிஷேல் கோந்த்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் வீ வீ என்ற பேண்டில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். பிரெஞ்சில் 'ஆமாம் ஆமாம்' என்று அர்த்தம். தன் பேண்டுக்குத் தானே வீடியோ எடுத்தார். அதில் ஒன்று ஐஸ்லாந்துப் பாடகி ப்யோர்க்கின் கண்ணில் பட்டது. 1993-இல் தன் பாட்டுக்கு அவரையே கூப்பிட்டார். அதற்குப் பின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் பேண்டை லெகோ கட்டைகளாலேயே ஆடவைத்தது வரை அவர் கைவரிசை நீண்டுகொண்டே போனது. பெரிதாக ஓடாத ஒரு பேண்டின் வீடியோ சரியான ஒரு ஆளின் கண்ணில் பட்டதில் தொடங்கிய கதை.

இயக்குநர் ஒருவர்தான் இருப்பார் என்றும் இல்லை. ஓரன் லவியின் 'ஹெர் மார்னிங் எலெகன்ஸ்' 2009-இல் வந்தது. மேலேயிருந்து கட்டிலைப் பார்க்கும் கேமரா, தூங்கும் ஒரு பெண், 2,096 புகைப்படங்கள். பாடகரோடு சேர்ந்து அதை இயக்கியவர்கள் யுவல் நாதன், மெராவ் நாதன் என்ற இருவர். பாடகர் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போனால் அத்தனை புகைப்படத்துக்கும் போர்வையை மடித்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அப்படி ஒரு பேண்ட் உண்மையில் இருக்கிறதா? 2025-இல் வெல்வெட் சன்டவுன் என்ற பேண்ட் ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேரைத் தாண்டிச் சேர்த்துவிட்டது. கடைசியில் பாட்டு, புகைப்படம் எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்தவை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மேடையில் வாசித்த படம் உண்டா, பழைய மோசமான பதிவு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். உண்மையான பேண்டுக்கு மோசமான ஒரு பதிவாவது இல்லாமல் இருக்காது.

3. எந்த லிங்க்?

பேண்டின் சொந்த சேனலில், இல்லையென்றால் அவர்களின் லேபிள் சேனலில் இருப்பதை எடுங்கள். ஒரே வீடியோவை இருபது பேர் மறுபதிவேற்றம் செய்திருப்பார்கள். தேடலில் சில சமயம் அவைதான் முதலில் வரும். சேனலின் பெயரைத் தொட்டு உள்ளே போய், அதே பேண்டின் மற்ற பாட்டுகளும் இருக்கின்றனவா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பேண்டின் பெயரோடு 'டாபிக்' என்று சேர்ந்து வரும் சேனல் யூடியூப் தானாக உருவாக்குவது. அங்கே பாட்டும் ஆல்பத்தின் அட்டைப்படமும் இருக்கும், வீடியோ இருக்காது.

டவுன்லோடு செய்து கோப்பாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அரைகுறைத் துண்டுகளின் கதி தெரியும்தானே? மூன்றாவது ஆளிடம் போவதற்குள் பேண்டின் பெயர் உதிர்ந்துவிடும். பத்தாவது ஆள், "யாரோ வெளிநாட்டுக்காரங்க பண்ண காமெடி" என்று அனுப்புவார்.

லிங்க்கின் வாலையும் கவனியுங்கள். ஷேர் பொத்தானை அழுத்திக் கிடைக்கும் குட்டி லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீண்ட எழுத்துச்சரம் தொங்கும். யார் பகிர்ந்தது என்று பின்தொடரப் பயன்படும் அடையாளம் அது. கேள்விக்குறியோடு சேர்த்து வெட்டிவிடலாம், வீடியோ ஓடும். ஆனால் கணினியில் மேலே முகவரிப் பட்டையிலிருந்து எடுக்கும் நீண்ட லிங்க்கில் இந்த வேலையைக் காட்டாதீர்கள். அதில் வீடியோவின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் ஒரு தடவை சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வெட்டி அனுப்பி, நண்பருக்கு யூடியூபின் முகப்புப் பக்கத்தைப் பரிசளித்திருக்கிறேன்.

குறிப்பிட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி லிங்க் அனுப்பும் வசதி உண்டு. விநோத வீடியோக்களுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. அவை மெதுவாகக் கட்டி எழுப்பித்தான் கவிழ்க்கும். "1:42-ல ஒரு விஷயம் இருக்கு, அதுவரைக்கும் பொறு" என்று எழுதுங்கள்.

4. அந்த ஒன்றிரண்டு வரி

'செம', 'வேற லெவல்', 'மரண மாஸ்', 'பார்த்தே ஆகணும்'. இவை எல்லாப் பாட்டுக்கும் பொருந்துகின்றன, அதுதான் சிக்கல். இவற்றால் பெறுபவருக்குத் தெரிவது உங்கள் குஷி மட்டும். எதற்காகக் குஷி என்பது தெரியாது.

என் வழி இது: ஒரு காட்சி, ஒரு சத்தம், கூடவே முடிந்தால் உங்களைப் பற்றி ஒரு சொல். மூன்றும் சேர்ந்து முப்பது வார்த்தையைத் தாண்டக்கூடாது.

உதாரணத்துக்கு 'பிரெய்ஸ் யூ'. ஃபேட்பாய் ஸ்லிம்மின் பாட்டு, ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தியேட்டர் வாசலில் ஒரு நடனக் குழு அனுமதி கினுமதி எதுவும் வாங்காமல் டேப் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஆடுகிறது. செலவு 800 டாலர் என்று சொல்வார்கள். 1999-இல் எம்டிவியின் மூன்று விருதுகளை வாங்கியது. இதை எப்படி அனுப்பலாம்?

"டேய் இதப் பாரு செம காமெடி." இது சாதம் மட்டும் போட்டு இலையைத் தள்ளுவது.

"1999-ல் மூன்று விருது வாங்கிய புகழ்பெற்ற வீடியோ." இது பொது அறிவுப் புத்தகம். யாருக்கும் கை அரிக்காது.

"ஆடத் தெரியாதவங்க ஆடறாங்கன்னு முதல்ல சிரிச்சேன். தியேட்டர் ஆள் ஒருத்தர் வந்து பாட்டையே நிறுத்துறார் பாரு, அதுக்கப்புறம் அந்தத் தலைவர் என்ன பண்றார்னு மட்டும் பார். ரெண்டு நாளா அந்தப் பியானோ காதுலயே இருக்கு." இதை வாசித்தவர் அந்த நிறுத்தும் இடம் வரும்வரையாவது பார்ப்பார். வந்துவிட்டால் மீதியையும் பார்ப்பார்.

எதைச் சொல்லாமல் விடுவது என்பது இதைவிடக் கஷ்டம். சீபோ மாத்தோ என்ற பேண்டின் 'ஷுகர் வாட்டர்' வீடியோ (1996, கோந்த்ரியேதான், கறாராகப் பார்த்தால் வெளியிட்டது பெரிய நிறுவனம், போகட்டும்) திரையை இரண்டாகப் பிரித்து ஓடும். இரண்டு பெண்கள், இரண்டு பாதி. அதன் மொத்தச் சுகமும் இரண்டு பாதிக்கும் என்ன உறவு என்று நாமே கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒன்று முன்னோக்கி ஓடுகிறது, இன்னொன்று அதே படம் பின்னோக்கி ஓடுகிறது, நடுவில் சந்திக்கும் என்று எழுதி அனுப்பினால் போட்டு உடைத்த மாதிரி. (உங்களுக்கு இப்போதுதான் உடைத்துவிட்டேன். உதாரணம் சொல்பவனுக்கு இந்தப் பாவம் வந்து சேரும்.) நான் இப்படி அனுப்பினேன்: "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பார்க்க முயற்சி பண்ணாத. முதல் தடவை இடது பக்கம் மட்டும், ரெண்டாவது தடவை வலது பக்கம் மட்டும்." பெற்றவர் மூன்று தடவை பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

பாட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது சொற்களுக்குத் திண்டாடவேண்டியதில்லை. மெட்டு, தாளம், சுருதி, பல்லவி, சரணம், எடுப்பு, இழுவை, கமகம், கார்வை என்று கையில் ஏராளம் இருக்கிறது. 'பல்லவி வரவேண்டிய இடத்துல வராம ஏமாத்துறாங்க' என்றால் எல்லோருக்கும் புரியும். பேஸ், ரிஃப், டிரம் ரோல் போன்றவற்றை அப்படியே எழுதுங்கள். 'அடிநாதக் கம்பிக்கருவி' என்றெல்லாம் மொழிபெயர்த்து வாசிப்பவரை விரட்டவேண்டாம். பேரே தெரியாத ஒலியாக இருந்தால் எதைப் போல இருக்கிறது என்று சொல்லுங்கள். 'பிரஷர் குக்கர் விசில் அடிக்கப் போகுமுன் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம்' என்பது எந்தக் கலைச்சொல்லையும்விடத் துல்லியம்.

மூன்று வாக்கியங்களை மட்டும் நான் யாருக்கும் எழுதுவதில்லை. ஒன்று, 'என்ன அடிச்சிட்டு எடுத்தாங்களோ'. மாதக்கணக்கில் அட்டை வெட்டி, ஒட்டி, நகர்த்திப் படமெடுத்தவர்களுக்கு இதைவிட அவமானம் கிடையாது. போதையில் ஒருவர் இரண்டாயிரம் தடவை போர்வை மடிக்க முடியாது. இரண்டு, 'இது அந்த பேண்டோட காப்பி'. நினைவுபடுத்துகிறது என்றால் நினைவுபடுத்துகிறது என்றே எழுதலாம். திருட்டுப் பட்டம் கட்டுவது வேறு வழக்கு. மூன்றாவது, 'உனக்கெல்லாம் பிடிக்காது, இருந்தாலும்'. இதற்கு விளக்கமே வேண்டாம்.

சிரிப்பது எந்தப் பக்கத்திலிருந்து?

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். விநோதம் என்று நாம் சொல்வது சில சமயம் நமக்குப் பழக்கமில்லாதது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

2007-இல் ஒரு தமிழ்ப் பாட்டு உலகம் முழுக்கச் சுற்றியது. பிரபுதேவா ஆடிய 'கல்லூரி வானில்', 2000-இல் வந்த படத்தின் பாட்டு. தமிழ் தெரியாத ஒருவர், காதில் விழுந்த ஓசைக்கு ஏற்ற மாதிரி ஆங்கிலச் சொற்களைக் கீழே எழுத்தாகப் போட்டு யூடியூபில் ஏற்றினார். பாட்டின் முதல் வரியின் முடிவு 'பென்னி லாவா' ஆகிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நம் பாட்டு யாருக்கோ 'கோணங்கி வீடியோ'வாக இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அந்த ஆட்டத்தின் நேர்த்தியைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச்சே குறைவு.

அதனால் தெரியாத மொழிப் பாட்டை அனுப்பும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: அவர்கள் சிரிக்கவைக்கத்தான் இதைச் செய்தார்களா? ஆமாம் என்றால் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். இல்லை, அவர்கள் மும்முரமாகத்தான் செய்திருக்கிறார்கள் என்றால், வரிகளின் மொழிபெயர்ப்பைத் தேடி இரண்டு வரியாவது வாசித்துவிட்டு அனுப்புங்கள். முகத்தில் அசைவே இல்லாமல் நகைச்சுவை செய்யும் பேண்டுகளிடம் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு மங்கலாக இருக்கும். அப்போது "கிண்டலா, சீரியஸான்னு எனக்கே பிடிபடல" என்று எழுதினாலே போதும். அதைவிட நல்ல தூண்டில் கிடையாது.

5. யாருக்கு, எத்தனை?

ஒருவருக்கு, ஒன்று. பெரிய குரூப்பில் போட்டால் காலை வணக்கப் பூங்கொத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் கரைந்துவிடும். கும்பலில் கோவிந்தா. பொம்மைகளை நகர்த்திப் படமெடுப்பதில் கிறுக்கு உள்ளவருக்குப் பொம்மை வீடியோ. கணினிக்காரருக்கு, கேமராவே இல்லாமல் லேசர் அளவீடுகளை வைத்து மட்டும் உருவங்களை வரைந்த, ரேடியோஹெட் பேண்டின் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' (2008).

அனுப்பியபின் "பார்த்தியா?" என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். அவர் தன் பங்குக்கு ஒன்றை அனுப்பினால் முதலில் அதை முழுக்கப் பாருங்கள். பாதியில் விட்டால், 'முடிவு சூப்பர்' என்று எழுதி மாட்டிக்கொள்வீர்கள். அனுபவம்.

எச்சரிக்கை தேவைப்பட்டால் மறக்காமல் எழுதுங்கள். குறிப்பாக விட்டுவிட்டு வேகமாக மின்னும் ஒளி. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதைப் பார்த்து 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது. சின்ன பேண்டுகள் இந்த எச்சரிக்கையைப் போட மறந்துவிடுவது உண்டு; 'ஒளி மின்னும்' என்று இரண்டு சொல் சேர்க்க நமக்கு என்ன செலவு? ரத்தம், நிர்வாணம் இருந்தாலும் அப்படியே. வீட்டு ஹாலில் எல்லோர் நடுவிலும் அவர் திறந்துவிட்டால் பழி உங்கள் மேல்தான்.

6. வீடியோவுக்குக் கீழே எழுதுவது

ஐந்து கோடி பேர் பார்த்த வீடியோவுக்குக் கீழே நீங்கள் எழுதுவதை யாரும் படிக்கப் போவதில்லை. முந்நூறு பேர் பார்த்த வீடியோவுக்குக் கீழே எழுதுவதைப் பாடியவரே படிப்பார், அனேகமாக அன்றிரவே. எங்கே எழுதவேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

நேரத்தைக் குறித்து எழுதுங்கள். 2:17 என்று தட்டினால் யூடியூபே அதைச் சொடுக்கக்கூடியதாக மாற்றிவிடும். வாசிப்பவர் தொட்டதும் அந்த இடத்துக்குப் போய்விடுவார். '2:17-இல் பின்னால் போகும் மீசைக்காரர் முதல் காட்சியிலும் இருக்கிறார்' என்பது மாதிரி ஒரு வரி, பத்து 'சூப்பர்'களுக்குச் சமம். எடுத்தவர்கள் அதை ஒளித்துவைத்ததே யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான்.

தமிழிலேயே எழுதலாம். அவர்களுக்குப் புரியாதே என்று தயங்கவேண்டாம். மொழிபெயர்ப்பு வசதி ஒரு தட்டலில் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு பாராட்டு வந்திருப்பதைப் பார்ப்பதே சின்ன பேண்டுக்குத் தனிக் குஷி. 'இந்த வருஷமும் யாராவது கேக்கறீங்களா' என்ற வகையறாவை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் சேனலுக்கு விளம்பரம் போடுவதையும்.

பிடிக்கவில்லை என்றால்? எழுதாமல் போவதே பல சமயம் நல்லது. பிடிக்காதோர் எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பரில் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டதால், திட்டவேண்டும் என்று தோன்றுபவர்கள் நேராகக் கீழே வந்து எழுதிவிடுகிறார்கள். சொல்லியே ஆகவேண்டும் என்றால் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். 'பாட்டு முடிந்தபிறகும் வீடியோ நாற்பது வினாடி இழுக்கிறது' என்பது விமர்சனம். பாடியவரின் பல்லைப் பற்றி எழுதுவது விமர்சனம் இல்லை.

பணம் கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் பதற்றமில்லாமல் குறிப்பிடலாம். ஓகே கோவின் 2010 வீடியோவில் ஒன்றையொன்று தள்ளிவிட்டு ஓடும் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் காசு கொடுத்தது. அதனால் வீடியோ மோசமாகிவிடவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

7. கேட்டவரை பேண்டின் வாசல் வரை கூட்டிப்போவது

வீடியோ பார்த்ததால் பேண்டுக்குக் கிடைப்பது சில்லறை. குலாஷ் எழுதிய அதே கட்டுரையில், அத்தனை கோடித் தடவை பார்க்கப்பட்ட பேண்டின் ஆறு மாத ஸ்ட்ரீமிங் கணக்கில் வரவானது 27.77 டாலர் என்று இருந்தது. இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை. 2024-இலிருந்து ஸ்பாட்டிஃபையில் பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடாத பாட்டுக்கு ஒரு பைசாவும் கணக்கில் வராது.

எனவே லிங்க் அனுப்பும்போது, கேட்டவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தபிறகு, பேண்ட்கேம்ப் பக்கத்தையும் அனுப்புங்கள். பேண்டுகள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்பதற்காக 2008-இல் தொடங்கிய தளம். டிஜிட்டல் விற்பனையில் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணம் கைமாறும் கட்டணம் போக மீதி பேண்டுக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்ற வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுத்துவிடும். பல பேண்டுகள் விலையை நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டிருக்கும். காசு கொடுக்க வசதியில்லை என்றால் அங்கேயே முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு வரி எழுதலாம். முதல் செய்தியிலேயே இதை அனுப்பவேண்டாம். வசூலுக்கு வந்த மாதிரி ஆகிவிடும்.

8. ஒரு நோட்டு

வீடியோக்கள் காணாமல் போகும். லேபிள் மூடப்படும், சேனல் அழியும், பேண்ட் உடைந்து பழையதையெல்லாம் எடுத்துவிடும். அதனால் பேண்ட், பாட்டு, இயக்குநர், வருடம், யார் எனக்கு அனுப்பினார்கள் என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். போன் குறிப்பிலும் வைக்கலாம். ஐந்தாவது விவரம்தான் நாளாக நாளாக ருசியானது. கூடவே நான் யாருக்கு அனுப்பினேன் என்பதும். ஒரே வீடியோவை ஒரே நண்பருக்கு மூன்று வருடத்தில் மூன்று தடவை 'புதுசா ஒண்ணு பார்த்தேன்' என்று அனுப்பியவன் நான்.

"புரியல" என்று பதில் வந்தால்

வரும். நிறைய வரும். விளக்க உட்காராதீர்கள், விநோத வீடியோவை விளக்குவது ஜோக்குக்குப் பொழிப்புரை எழுதுவது. "எந்த இடத்துல விட்ட?" என்று மட்டும் கேளுங்கள். "அந்த மீன் தலைக்காரன் பஸ்ல ஏறினானே, அங்க" என்று பதில் வந்தால், அவர் பாதி தூரம் வந்திருக்கிறார், அந்தக் காட்சி ஞாபகமும் இருக்கிறது. அடுத்தது என்ன அனுப்புவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிடலாம். மீன் தலை வேண்டாம், பஸ் இருக்கட்டும்.